வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள பதின்ம வயதினருக்கான கிறித்தவத் தன்னார்வ வழிகாட்டல்

வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள பதின்ம வயதினருக்கான கிறித்தவத் தன்னார்வ வழிகாட்டல் என்பது, நீதிமன்ற ஆணையின் பேரில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அரசின் பொறுப்பில் வாழும் இளையோருடன், திருச்சபைகளைச் சேர்ந்த வளர்ந்தோர் ஊதியம் எதுவும் பெறாமல் நெடுநாள் தோழமை பேணும் செயற்பாடு ஆகும். இது பல நாடுகளில் காணப்பட்டாலும், ஐக்கிய அமெரிக்காவில் பரவலாகவும் ஒழுங்கமைக்கப்பட்ட முறையிலும் நடைபெறுகின்றது. இக்கட்டுரை அந்நாட்டில் இது இயங்கும் முறையை விளக்குகின்றது.

இத்தகைய வழிகாட்டி வளர்ப்புப் பெற்றோர் அல்லர். அரசின் சமூகப் பணியாளரும் அல்லர். மறைக்கல்வி ஆசிரியரும் அல்லர். ஊதியத்திற்காகவோ கடமைக்காகவோ அன்றி, தானே விரும்பி ஓர் இளையவரின் வாழ்வில் தொடர்ந்து இருக்கும் வளர்ந்தவர் என்று இவரை வரையறுக்கலாம். அரசின் பராமரிப்பில் வளரும் ஒருவருக்கு அத்தகைய ஒருவர் கூட இல்லாமல் போவது அரிதன்று என்பதே இச்செயற்பாட்டின் அடிப்படை.

வளர்ப்புப் பராமரிப்பு

தமிழில் "வளர்ப்புப் பிள்ளை" என்றால் பெரும்பாலும் தத்தெடுக்கப்பட்ட பிள்ளை என்றே பொருள் கொள்ளப்படும். இங்கு அப்பொருள் பொருந்தாது. தத்தெடுத்தல் நிலையானது, பிள்ளை சட்டப்படி புதிய குடும்பத்தின் பிள்ளை ஆகிவிடுகின்றது. வளர்ப்புப் பராமரிப்பு இடைக்கால ஏற்பாடு மட்டுமே. பெற்றோரின் புறக்கணிப்பு, வன்முறை, போதைப்பொருள் பழக்கம், சிறைவாசம் முதலிய காரணங்களால் வீட்டில் பாதுகாப்பு இல்லை என்று நீதிமன்றம் கண்டால், பிள்ளை உறவினர் வீட்டிலோ, உரிமம் பெற்ற வேறொரு குடும்பத்திடமோ, பணியாளர்களால் நடத்தப்படும் குழு இல்லத்திலோ ஒப்படைக்கப்படுகின்றது. பெற்றோர் தம்மைத் திருத்திக்கொண்டால் பிள்ளை வீடு திரும்பும். இல்லையேல் தத்தெடுப்பு அல்லது உறவினரின் சட்டப்படியான காப்பு நாடப்படும்.

1999 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 5,67,000 பிள்ளைகள் இவ்வாறான பராமரிப்பில் இருந்தனர். 2021 இல் இத்தொகை ஏறத்தாழ 3,91,000 ஆகக் குறைந்தது. அதன் பின்னரும் குறைந்து வந்துள்ளது. ஆயினும் எண்ணிக்கையின் குறைவு பதின்ம வயதினரின் நிலையை முழுமையாகக் காட்டாது. கைக்குழந்தையை ஏற்கக் குடும்பங்கள் எளிதில் கிடைக்கின்றன. 15 அகவைச் சிறுவனை ஏற்கக் கிடைப்பதில்லை. இதனால் குழு இல்லங்களில் வாழ்வோருள் பதின்ம வயதினரே மிகுதி. ஓர் இடத்தில் சிக்கல் ஏற்பட்டால் மறு இடம், அங்கும் ஏற்பட்டால் வேறோர் இடம் என மாறும்பொழுது பள்ளி மாறுகின்றது, நண்பர்கள் மாறுகின்றனர், சமூகப் பணியாளரும் மாறிவிடுகின்றார். உடைமைகளைக் குப்பைப் பையில் கட்டிக்கொண்டு வீடு மாறிய நினைவைப் பராமரிப்பில் வளர்ந்த பலர் குறிப்பிடுவர்.

அகவை முதிர்ந்து வெளியேறுதல்

பெற்றோரிடம் திரும்பாமலும் தத்தெடுக்கப்படாமலும் இருக்கும் ஒருவர் சட்டப்படி வளர்ந்தவராகும் நாளில் பராமரிப்பு முடிவடைகின்றது. பெரும்பாலான மாநிலங்களில் நெடுங்காலம் இவ்வெல்லை 18 அகவையாக இருந்தது. 2000களின் இறுதியில் ஆண்டுக்கு 29,000 பேர் அளவில் இவ்வாறு வெளியேறினர். அண்மைய ஆண்டுகளில் இது 20,000க்கும் குறைவாக உள்ளது.

சிகாகோப் பல்கலைக்கழகத்தின் சேப்பின் ஹால் நடுவத்தைச் சேர்ந்த மார்க் கோர்ட்னியும் அவர்தம் குழுவினரும் இல்லினாய், விஸ்கான்சின், ஐயோவா ஆகிய மூன்று மாநிலங்களில் 700க்கும் மேற்பட்ட இளையோரை 17 அகவையிலிருந்து 26 அகவை வரை தொடர்ந்து ஆராய்ந்தனர். 26 அகவைக்குள் இவர்களுள் 31 முதல் 46 விழுக்காட்டினர் ஒருமுறையேனும் வீடற்றிருந்தனர் என்று இவ்வாய்வின் தரவுகளிலிருந்து மதிப்பிடப்பட்டது. நான்காண்டுக் கல்லூரிப் பட்டம் பெற்றோர் 100 பேரில் நால்வர் அளவினரே. 21 அகவை வரை பராமரிப்பில் தொடர வாய்ப்பளித்த இல்லினாயில் கல்லூரிக்குச் சென்றோர் தொகை ஏனைய இரு மாநிலங்களைவிடக் கூடுதலாக இருந்தது. பிறழ்வு பிள்ளைகளிடம் மட்டும் இல்லை, 18 என்ற எல்லையிலும் உள்ளது என்பதற்கு இஃது ஒரு நல்ல சான்று.

சட்டங்கள் மெல்ல மெல்ல மாறின. 1999 இல் மேலவை உறுப்பினர் ஜான் சேஃபியின் பெயரால் அமைந்த திட்டம், வெளியேறும் இளையோரின் வீட்டுவசதிக்கும் பயிற்சிக்கும் நடுவண் அரசின் நிதியை உயர்த்தியது. 2008 ஆம் ஆண்டுச் சட்டம், படித்தல் அல்லது மாதம் 80 மணிநேரம் வேலை செய்தல் போன்ற நிபந்தனைகளுடன் 21 அகவை வரை பராமரிப்பை நீட்டிக்க விரும்பும் மாநிலங்களுக்கு 2010 அக்டோபர் முதல் நிதி வழங்க வழி செய்தது. 2014 முதல், 18 அகவையில் பராமரிப்பில் இருந்த இளையோர் 26 அகவை வரை அரசு மருத்துவக் காப்பீடு பெறுகின்றனர். இவ்வுரிமைகள் இருப்பதை அறிந்து, படிவத்தை நிரப்பி, உரிய நாளுக்குள் அனுப்ப ஒருவர் துணை வேண்டும். பெற்றோர் உள்ள வீட்டில் அப்பணியை யார் செய்கின்றார் என்று எவரும் கேட்பதில்லை.

வரலாறு

கிறித்தவ அமைப்புகளுக்கும் வளர்ப்புப் பராமரிப்புக்கும் உள்ள தொடர்பு அரசின் தொடர்பைவிடப் பழையது. சமயப் பணிக்குப் பயின்ற சார்ல்ஸ் லோரிங் பிரேஸ் 1853 இல் நியூ யார்க்கில் சிறுவர் உதவிச் சங்கத்தை நிறுவினார். தெருக்களில் அலைந்த சிறுவர்களை நாட்டின் நடுப்பகுதியில் உள்ள உழவர் குடும்பங்களுக்குத் தொடர்வண்டியில் அனுப்புவது இவரது திட்டம். 1854 முதல் 1929 வரை ஓடிய இவ்வண்டிகள் "அனாதைத் தொடர்வண்டிகள்" எனப் பெயர் பெற்றன. ஏறத்தாழ 2,00,000 சிறுவர்கள் இவற்றில் சென்றனர் என மதிப்பிடப்படுகின்றது. அவர்களுள் பலர் உண்மையில் அனாதைகள் அல்லர். சிலர் அன்பான குடும்பங்களை அடைந்தனர். சிலர் கூலியில்லா வேலையாட்களாக நடத்தப்பட்டனர். கத்தோலிக்கக் குடியேறிகளின் பிள்ளைகள் புரொட்டஸ்தாந்துக் குடும்பங்களில் சேர்க்கப்படுவதைக் கத்தோலிக்கர் எதிர்த்ததுடன் தமக்கெனத் தனி இல்லங்களையும் நிறுவினர். பிள்ளையை மீட்பது ஒன்று, பிள்ளையின் சமயத்தை மாற்றுவது வேறொன்று என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

ஒருவருக்கு ஒருவர் என்னும் வழிகாட்டல் முறை 1904 இல் தோன்றியது எனலாம். நியூ யார்க்கின் சிறுவர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்த எர்னெஸ்ட் கோல்ட்டர், தம் முன் வரும் சிறுவர்களின் நிலையைப் பற்றி ஒரு பிரெசுபித்தேரியன் ஆலயத்தின் ஆடவர் மன்றத்தில் பேசினார். கேட்டிருந்தோரில் ஏறத்தாழ 40 பேர் ஆளுக்கொரு சிறுவனுக்குத் துணையாக இருக்க ஒப்புக்கொண்டனர். இதிலிருந்து வளர்ந்த "பெரிய அண்ணன்கள்" இயக்கம், பின்னர் "பெரிய அக்காக்கள்" இயக்கத்துடன் 1977 இல் இணைந்து, சமயச் சார்பற்ற பெரும் அமைப்பாக இன்றும் இயங்கி வருகின்றது. அதன் பிறப்பு ஓர் ஆலய மண்டபத்தில் நிகழ்ந்தது என்பதை இன்று பலர் அறியார்.

சமய அமைப்புகளிடம் பராமரிப்பை ஒப்படைத்ததன் இருண்ட பக்கமும் உண்டு. நியூ யார்க் நகரில் பிள்ளைகளைச் சமயவாரியாகப் பிரித்து ஒப்படைக்கும் வழக்கத்தால், நல்ல வசதிகள் கொண்ட கத்தோலிக்க, யூத நிறுவனங்களில் இடம் கிடைக்காமல் புரொட்டஸ்தாந்துக் கறுப்பினப் பிள்ளைகள் பின்தள்ளப்பட்டனர். இதனை எதிர்த்து 1973 இல் தொடுக்கப்பட்ட வைல்டர் வழக்கு கால் நூற்றாண்டுக்கும் மேலாக இழுபட்டது.

அண்மைக் கால முயற்சிகளுள் 1985 இல் கலிபோர்னியாவின் கோஸ்டா மேசாவில் வெய்ன் டெஷ், டயான் டெஷ் இணையர் தொடங்கிய கோடைக்கால முகாம்கள் குறிப்பிடத்தக்கவை. இவை முதலில் பராமரிப்பில் உள்ள சிறு பிள்ளைகளுக்கானவை. 12 முதல் 15 அகவையினருக்கான தனி முகாம்களும் இதே வகையில் நடத்தப்படுகின்றன. 2000களின் தொடக்கத்தில், பிலடெல்பியாவின் முன்னாள் மேயரும் மதபோதகருமான வில்சன் கூட், "அமாச்சி" என்னும் திட்டத்திற்காக ஆலயம் ஆலயமாகச் சென்று, ஒவ்வொன்றிலும் 10 தன்னார்வலர்களைக் கேட்டார். இத்திட்டம் சிறையில் உள்ளோரின் பிள்ளைகளுக்கானது. எனினும் ஆலயம் ஆட்களைத் தருவது, பயிற்சியையும் மேற்பார்வையையும் வழிகாட்டல் துறையில் தேர்ந்த வேறோர் அமைப்பு ஏற்பது என்ற அதன் பகுப்பு ஏனைய திட்டங்களுக்கும் முன்மாதிரி ஆயிற்று.

வழிகாட்டியின் பணி

வழிகாட்டியாக விரும்புவோர் முதலில் கைரேகைச் சோதனைக்கும் குற்றப் பின்னணி ஆய்வுக்கும் உட்பட வேண்டும். பரிந்துரைகள் பெறப்படும், நேர்முகம் நடைபெறும். பின்னர் பயிற்சி. இளமையில் நேர்ந்த கொடுமைகள் மூளையையும் நடத்தையையும் எவ்வாறு பாதிக்கின்றன என்பதே இப்பயிற்சியின் மையம். டெக்சாஸ் கிறித்தவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரின் பர்விஸ், டேவிட் கிராஸ் ஆகியோர் உருவாக்கிய நம்பிக்கை சார்ந்த உறவு முறை கிறித்தவ அமைப்புகளிடையே பெரிதும் கையாளப்படுகின்றது. கோபம், பொய், உணவைப் பதுக்குதல் போன்றவற்றைக் கீழ்ப்படியாமையாகக் கருதித் தண்டிப்பதை விடுத்து, அச்சத்தின் வெளிப்பாடாகக் கண்டு முதலில் பாதுகாப்புணர்வை ஏற்படுத்த வேண்டும் என்பது இதன் சாரம். பிள்ளைகளைக் கண்டிப்புடன் வளர்த்த திருச்சபையினர் சிலருக்கு இது முதலில் ஏற்கக் கடினமாக இருக்கும்.

சந்திப்புகள் வாரத்திற்கொரு முறையோ இரு வாரத்திற்கொரு முறையோ நிகழும். அவற்றில் பெரிய நிகழ்ச்சி எதுவும் இருக்காது. சேர்ந்து உண்பர், கூடைப்பந்து ஆடுவர், கடைக்குச் செல்வர். நெடுந்தொலைவு செல்லும் மகிழுந்துப் பயணமே சிறந்த உரையாடல் இடம் என்று பயிற்சி அளிப்போர் கூறுவதுண்டு. முகத்துக்கு முகம் பார்க்க வேண்டிய தேவை அங்கு இல்லை. பேசாமலேயே பல வாரங்கள் கழிவதும் இயல்பு. முன்னர் வந்துபோன வளர்ந்தோர் பலரைக் கண்ட இளையவர், இவரும் போய்விடுவாரா என்று சோதித்துப் பார்ப்பார். வருவதாகச் சொல்லி வராமல் இருப்பது, வேண்டுமென்றே சண்டையிடுவது ஆகியவை இச்சோதனையின் வடிவங்கள்.

அகவை 16ஐ நெருங்கும்பொழுது பணி நடைமுறை சார்ந்ததாக மாறுகின்றது. வங்கிக் கணக்குத் திறத்தல், வாடகை ஒப்பந்தத்தைப் படித்தல், வேலை விண்ணப்பம், மருத்துவரிடம் தானே நேரம் பெறுதல் முதலியவை கற்பிக்கப்படும். பெற்றோரிடமிருந்து இயல்பாகவே கற்கப்படும் இவை பராமரிப்பில் வளர்வோருக்கு விடுபட்டுப் போகின்றன. ஓட்டுநர் உரிமம் ஒரு தனிச் சிக்கல். அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் மகிழுந்து இல்லாமல் வேலைக்குச் செல்ல இயலாது. ஆனால் உரிமம் பெறப் பயிற்சி மணிநேரங்கள், வளர்ந்தவரின் கையொப்பம், காப்பீடு ஆகியவை வேண்டும். விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற அச்சத்தால் கையொப்பமிட எவரும் முன்வருவதில்லை. வழிகாட்டியும் தன் அமைப்பின் இசைவின்றி இதில் இறங்கலாகாது.

வழிகாட்டி அறிந்திருக்க வேண்டிய சில சட்ட விதிகள் உண்டு. 13 அகவை நிறைந்த பின் எப்பொழுதாவது வளர்ப்புப் பராமரிப்பில் இருந்த ஒருவர், கல்லூரிக்கான நடுவண் அரசின் நிதியுதவிப் படிவத்தில் பெற்றோரைச் சாராதவராகவே கருதப்படுவார். பெற்றோரின் வருமான விவரம் அவருக்குத் தேவையில்லை. இதனை அறியாமல் படிவத்தைப் பாதியில் கைவிடுவது எளிது. 2014 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 14 அகவை நிறைந்த இளையவர் தம் எதிர்காலத் திட்டத்தை வகுக்கும் குழுவில் வளர்ப்புப் பெற்றோரும் சமூகப் பணியாளரும் அல்லாத இருவரைத் தாமே தெரிவு செய்யலாம். வழிகாட்டி அவ்விருவருள் ஒருவராக இருக்கலாம். ஆறு மாதத்திற்கு மேல் பராமரிப்பில் இருந்து வெளியேறுபவரிடம் பிறப்புச் சான்றிதழ், சமூகப் பாதுகாப்பு அட்டை, மருத்துவப் பதிவுகள், அடையாள அட்டை ஆகியவை ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதும் இச்சட்டத்தின் விதியே. இவை கைக்கு வந்தனவா என்று பார்ப்பது வழிகாட்டியின் மிகப் பயனுள்ள பணிகளுள் ஒன்று.

செய்யக்கூடாதவையும் பல. இளையவரின் ஒளிப்படத்தை ஆலய இதழிலோ சமூக வலைத்தளங்களிலோ வெளியிடுதல் கூடாது. அவரது குடும்ப வரலாற்றைச் செபக் கூட்டத்தில் "செபத் தேவை" என்ற பெயரில் பகிர்தலும் இரகசியக் காப்பை மீறுவதே. நல்லெண்ணத்தால் மிக எளிதில் நிகழும் தவறு இது. துன்புறுத்தல் பற்றி அறிந்தால் மறைக்காமல் உரிய அலுவலரிடம் தெரிவிக்க வேண்டும். ஆகவே "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வழிகாட்டி ஒருபொழுதும் வாக்களித்தல் ஆகாது.

கால அளவும் பயனும்

வழிகாட்டல் எப்பொழுதும் நன்மையே தரும் என்ற எண்ணம் தவறானது. ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் "பெரிய அண்ணன்கள்" திட்டத்தில் பங்கு கொண்ட 1,138 இளையோரின் தரவுகளை ஆராய்ந்து 2002 இல் வெளியிட்ட முடிவுகள் இத்துறையில் திருப்புமுனையாகக் கருதப்படுகின்றன. ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில் நன்மைகள் மிகுந்திருந்தன. சில மாதங்களிலேயே முறிந்த உறவுகளில் இளையோரின் தன்மதிப்புக் குறைந்திருந்தது; வழிகாட்டியே இல்லாதிருந்தோரைவிடச் சிலர் கீழ்நிலையில் இருந்தனர். ஏற்கெனவே பலரால் கைவிடப்பட்டவருக்கு இன்னொருவரும் சேர்ந்துகொள்வதே இதன் விளைவு. இக்காரணத்தால் பல அமைப்புகள் குறைந்தது ஓராண்டு உறுதிமொழி இல்லாமல் எவரையும் சேர்ப்பதில்லை. ஆண்டின் நடுவில் ஊர் மாறக்கூடிய கல்லூரி மாணவரை ஏற்கத் தயங்குவதும் இதனாலேயே.

2008 இல் கைம் ஆரென்சும் உடன் ஆய்வாளர்களும், பராமரிப்பில் இருந்தோருள் 18 அகவைக்கு முன் தொடங்கிக் குறைந்தது ஈராண்டுகள் ஒரு வளர்ந்தவரின் துணையைப் பெற்றோரை ஏனையோருடன் ஒப்பிட்டனர். துணை பெற்றோரின் உடல்நலம் மேம்பட்டிருந்தது. தற்கொலை எண்ணம் குறைவாக இருந்தது. ஆனால் அவ்வளர்ந்தோர் திட்டத்தால் அமர்த்தப்பட்டவர்கள் அல்லர். இயல்பாகவே அமைந்த ஆசிரியர், பயிற்றுநர், அண்டை வீட்டார் போன்றோர். மேலும், உறவை ஏற்படுத்திக்கொள்ளும் திறன் உள்ள இளையோருக்கே துணை அமைந்தது என்றும் இதை விளக்கலாம். எனவே இம்முடிவைத் திட்டங்களின் வெற்றியாகக் காட்டுவது பொருந்தாது.

இவ்விடத்தில் ஆலயத்திற்கு ஒரு தனி வலிமை உண்டு. அது வாரந்தோறும் ஒரே இடத்தில் கூடும், பல தலைமுறைகள் கலந்த கூட்டம். வழிகாட்டி நோயுற்றாலும் இளையவரை அறிந்த வேறு சிலர் அங்கு இருப்பர். தச்சர், செவிலியர், வாகனம் பழுதுபார்ப்பவர், வீட்டு உரிமையாளர் எனப் பலருடன் அறிமுகம் ஏற்படுகின்றது. முதல் வேலையும் முதல் வாடகை வீடும் பெரும்பாலும் அறிமுகத்தின் வழியே கிடைக்கின்றன. அரசுத் திட்டம் எதுவும் இவ்வலையமைப்பை ஊழியம் கொடுத்து உருவாக்கிவிட முடியாது. மறுபுறம், கிறித்துமசை ஒட்டி எழும் ஆர்வம் பங்குனிக்குள் அடங்கிவிடும் ஆலயங்களும் உண்டு.

சமயமும் சட்டமும்

இச்செயற்பாட்டின் மிகக் கூரிய சிக்கல் இதுவே. இளையவர் அரசின் காப்பில் இருக்கின்றார். அரசியலமைப்பின் முதல் திருத்தம் அரசு ஒரு சமயத்தை நிறுவுவதைத் தடை செய்கின்றது. பெற்றோரின் உரிமை முற்றாக நீக்கப்படாத வரை பிள்ளையின் சமய வளர்ப்பில் அவர்களுக்கும் உரிமை உண்டு. ஆகவே ஆலயத்திற்கு அழைப்பது போன்ற எளிய செயல் கூட மூவர் உரிமைகளைத் தொடுகின்றது.

1996 ஆம் ஆண்டு நலத்திட்டச் சட்டமும், 2001 ஜனவரியில் அதிபர் ஜார்ஜ் புஷ் வெள்ளை மாளிகையில் அமைத்த தனி அலுவலகமும் சமய அமைப்புகள் அரசு நிதி பெறுவதை எளிதாக்கின. ஆனால் நேரடியாகப் பெறும் அந்நிதியை வழிபாட்டுக்கோ மறைபரப்புக்கோ செலவிட இயலாது. 2005 ஜனவரியில் விஸ்கான்சினில் உள்ள நடுவண் நீதிமன்றம், அரிசோனாவைச் சேர்ந்த மென்டர்கிட்ஸ் என்னும் அமைப்புக்கு வழங்கப்பட்ட நடுவண் நிதியை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. சிறையாளிகளின் பிள்ளைகளுக்கு வழிகாட்டிய அவ்வமைப்பு கிறித்தவர்களை மட்டுமே வழிகாட்டிகளாகச் சேர்த்ததுடன், பிள்ளை கடவுளுடனான உறவில் முன்னேறுகின்றதா என்றும் மாத அறிக்கையில் கேட்டது. அரசு நிதி பெறாத அமைப்புகளுக்கு இத்தடை இல்லை. இதனாலேயே பல அமைப்புகள் காணிக்கைகளை மட்டும் நம்பி இயங்குகின்றன. எனினும் பிள்ளைகளை அனுப்பி வைப்பது அரசு அலுவலகம் என்பதால், இளையவரின் விருப்பத்திற்கு மாறாகச் சமயத்தைத் திணிப்பதில்லை என்ற உடன்பாடு அவற்றிடமும் பெறப்படலாம்.

கிறித்தவர்களிடையேயும் இதில் ஒருமித்த கருத்து இல்லை. நற்செய்தியைக் கூறாத பணி முழுமையற்றது என்போர் ஒரு சாரார். தங்க இடமும் உணவும் பிறர் தயவில் இருக்கும் ஒரு சிறுமி "ஆம்" என்று சொல்வதை மனமாற்றம் என்று கொள்ளலாகாது என்போர் மறுசாரார். இரண்டாம் கருத்தே வலுவானது என்று கொள்ளலாம். பெரியவர்களை மகிழ்விக்க ஏற்ற விடையைச் சொல்லக் கற்றுக்கொள்வது பராமரிப்பில் வளர்வோரின் தற்காப்புகளுள் ஒன்று.

பாலினச் சிறுபான்மை இளையோரின் நிலை மேலும் நுட்பமானது. 2014 இல் வெளிவந்த வில்லியம்ஸ் நிறுவனத்தின் ஆய்வு, லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டப் பராமரிப்பில் இருந்த 12 முதல் 21 அகவையினருள் ஏறத்தாழ 19 விழுக்காட்டினர் தம்மை அவ்வாறு அடையாளப்படுத்தினர் எனக் கண்டது. பொது மக்கள் தொகையில் உள்ள விகிதத்தைவிட இது மிகக் கூடுதல். இவர்களுள் சிலர் சமயக் காரணம் காட்டிப் பெற்றோரால் விலக்கப்பட்டோர். அவர்களிடம் அதே சமயத்தைச் சேர்ந்த ஒருவரை அனுப்பும்பொழுது, அவர் எத்தகையவர் என்பது உயிர்ச் சிக்கலாகக் கூட ஆகலாம். உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் பிலடெல்பியா நகருக்கு எதிராகவும் கத்தோலிக்கச் சமூகப் பணி அமைப்புக்குச் சார்பாகவும் ஒருமனதாக வழங்கிய ஃபுல்டன் தீர்ப்பு இதனுடன் சேர்த்துப் பேசப்படுவதுண்டு. ஆனால் அவ்வழக்கு ஒரே பாலின இணையர்களை வளர்ப்புப் பெற்றோராகச் சான்றளிப்பது பற்றியது, வழிகாட்டல் பற்றியதன்று.

18 அகவைக்குப் பின்

பராமரிப்பு முடிந்தாலும் வழிகாட்டியின் உறவு முடிய வேண்டியதில்லை. உண்மையில் அரசின் கோப்பு மூடப்பட்ட பின்னரே அதன் தேவை மிகுகின்றது. பராமரிப்பில் வளர்ந்தோருக்கான ஃபாஸ்டர்கிளப் என்னும் சமயச் சார்பற்ற அமைப்பு, இளையவரும் துணை நிற்கும் வளர்ந்தவரும் கையொப்பமிடுவதற்கான ஓர் உடன்படிக்கையை உருவாக்கியுள்ளது. ஆலயம் சார்ந்த வழிகாட்டிகளும் இதனைப் பயன்படுத்தலாம். வளர்ந்தவர் எவ்வெவற்றைத் தர இயலும் என்பதை முன்கூட்டியே தெளிவாகக் குறிப்பது இதன் நோக்கம். இதில் 45 வகை உதவிகள் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. விடுமுறை நாளில் வந்து தங்க ஒரு வீடு, துணி துவைக்க ஓர் இடம், நெருக்கடியில் அழைக்க ஒரு தொலைபேசி எண் ஆகியவை அவற்றுள் அடங்கும்.